ரெஃப்யூஜ் மாடித் துளைகள்

எனக்குச் சும்மா உட்காரத் தெரியாது. அந்த மூன்று வாரம் உட்கார வேண்டி வந்தது.

விக்ரோலியில் ஓர் ஆபீஸில் வேலை. கட்டடத்தை மண்ணில் எழுப்புமுன் கம்ப்யூட்டரில் எழுப்புவோம். சுவர், குழாய், உத்தரம் எல்லாம் அதில் இருக்கும். மாடல் என்போம். என் வேலை துளை வைப்பது. கக்கூஸ் குழாய் ஸ்லாப்பை, அதாவது மாடித் தளத்தை, தாண்டும் ஒவ்வொரு இடத்திலும் ஒரு துளை. காங்கிரீட் போடும்போதே விட்டுவிட வேண்டும். பிறகு குடைந்தால் உள்ளே கம்பி அறுபடும். முப்பது மாடி என்றால் ஆயிரத்துக்குக் கிட்ட வரும். ஒவ்வொன்றாக வைப்பேன். பதினோரு வருடம் அதுதான் செய்தேன். பதினோரு வருடமும் கான்ட்ராக்ட்.

படிப்பு பத்தாவது, பிறகு ஐ.டி.ஐ. புரோகிராம் எழுத வராது. ஆனால் திரையில் டப்பா டப்பாவாக வைத்து, ஒன்றிலிருந்து ஒன்றுக்குக் கோடு இழுத்தால் கம்ப்யூட்டர் தானே வேலையைச் செய்யும் வழி ஒன்று உண்டு. சுனாபட்டியிலிருந்து ட்ரெயினில் வரும்போது செல்போனில் இந்தி வீடியோ பார்த்துக் கற்றேன். இரண்டு மாதம் பிடித்தது. ஒரு மாடிக்கு நான் துளை வைத்தால் போதும். மற்ற மாடிகளுக்கு அது வைத்துக்கொள்ளும். நாலு நாள் வேலை, டீ குடித்துவிட்டு வருவதற்குள் முடிந்தது.

ஆபீஸ் நடத்தும் சாருக்குச் சந்தோஷம். மூன்று வாரம் கழித்து வரும் திங்கட்கிழமை பெர்மனென்ட் லெட்டர் தருவதாகச் சொன்னார். வீட்டில் சொல்லிவிட்டேன்.

எங்கள் படங்களைச் சரிபார்ப்பது மாட்டுங்காவிலிருந்து வரும் மேடம். என் பக்கத்து இருக்கை. சிவப்புப் பேனா வைத்திருப்பார். அவரிடம் நானே சொன்னேன்.

"இனிமே துளையைப் பாக்க வேண்டாம் மேடம். மெஷின் தப்பு பண்ணாது."

"சரி, பெரிய இன்ஜினியர் சொன்னா கேட்டுக்க வேண்டியதுதான்" என்று பேனாவை மூடி வைத்தார்.

அதன் பிறகு எனக்கு வேலை இல்லை. திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். தண்ணீர் குடிக்கப் போனேன். திரும்பி வந்தேன். மறுபடி போனேன். கை மௌஸைத் தேடிக்கொண்டே இருந்தது.

"காலை ஆட்டாதீங்கோ. என் மேஜையும் சேர்ந்து ஆடறது" என்றார் மேடம்.

லெட்டர் வரவேண்டிய திங்களுக்கு முந்தின வெள்ளிக்கிழமை காலை ஆபீஸில் ஃபயர் ட்ரில். மணி அடித்தது. எல்லோரும் படியில் இறங்கினோம். மும்பையில் உயரக் கட்டடங்களில் சில மாடிகளுக்கு ஒரு முறை, ஒரு மாடியில் பாதியைத் திறந்தே விடுவார்கள். தீப்பிடித்தால் ஜனம் வந்து நிற்பதற்கு. ரெஃப்யூஜ் மாடி என்று பெயர். அங்கே நிற்க வைத்தார்கள். ஆபீஸ் இளசுகள் செல்ஃபி எடுத்தார்கள். சார் மஞ்சள் சட்டையும் விசிலுமாகத் தலை எண்ணிக்கொண்டிருந்தார்.

நான் சும்மா மேலே பார்த்தேன். கூரையில் மேல்மாடிக் குழாய்கள். ஒன்றும் நேராகக் கீழே வரவில்லை. எல்லாம் கூரையோடு ஒட்டி ஓடி, லிஃப்ட் பக்கத்து மூலையில் போய் இறங்கின. ஜனம் நிற்கும் இடத்தில் குழாய் நிற்க முடியாதே.

மேடம் எங்கே என்று தேடினேன்.

கையால் வைத்த காலத்தில் ரெஃப்யூஜ் மாடி வந்ததும் துளைகளை மூலைக்குத் தள்ளிவிடுவேன். அதை ஒரு விஷயமாக நினைத்ததே இல்லை. டப்பாக்களுக்கு அதை நான் சொல்லவும் இல்லை.

"மேடம், செம்பூர் பில்டிங் எட்டாவது மாடி ஸ்லாப் படம் போயிடுச்சா?"

"போன வாரமே போயாச்சே. இன்னிக்கு மத்தியானம் காங்கிரீட். ஏன் பேயறைஞ்ச மாதிரி நிக்கறேள்?"

"அது ரெஃப்யூஜ் மாடி."

அவருக்கு உடனே புரிந்தது. "நான் பாத்திருப்பேனே" என்றார்.

சைட் நம்பருக்கு அடித்தேன். யாரும் எடுக்கவில்லை. சாரிடம் சொன்னேன். அவர் என்னை ஓரமாகக் கூட்டிப் போனார். போட்டது போட்டபடி இருக்கட்டும், பிறகு மெஷின் வைத்துக் குடைந்துகொள்ளலாம் என்று இந்தியில் மெதுவாகச் சொன்னார். பில்டர் காதுக்குப் போனால் திங்கட்கிழமை லெட்டரில் கையெழுத்து விழாது என்றார். பிறகு விசில் ஊதப் போய்விட்டார்.

விசில் கேட்டதும் எல்லோரும் கீழே இறங்கினார்கள். நானும் இறங்கினேன். அவர்கள் வாசலில் நின்றார்கள். நான் நிற்கவில்லை.

விக்ரோலியிலிருந்து குர்லா. அங்கே மாறி ஹார்பர் லைன். மாறி ஏறிய வண்டி குர்லாவிலேயே வெகுநேரம் நின்றது. உட்கார இடம் இருந்தது. உட்காரவில்லை. இந்தக் கதவுக்கும் அந்தக் கதவுக்கும் நடந்தேன். நடுவில் ஒரு தடவை, திரும்பிப் போய்விடலாமா என்று தோன்றியது. வீட்டில் இனிப்பு வாங்கியிருந்தார்கள். வண்டி கிளம்பிவிட்டது.

செம்பூரில் சைட் வாசலில் மூன்று காங்கிரீட் லாரிகள் உருளை சுழன்றபடி நின்றன. எட்டு மாடியும் படியில் ஏறினேன். ஒரு மூலையில் கொட்ட ஆரம்பித்திருந்தார்கள். ஃபோர்மேன் தாராவிக்காரர், பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். முன்பே பார்த்த முகம்.

"என்னவே, ஆபீஸ்காரருக்கு வெயில்ல என்ன சோலி?"

"துளைக்கு வச்ச குழாய் பதினொண்ணும் தப்பான எடத்துல இருக்கு அண்ணாச்சி. லிஃப்ட் பக்கம் வரணும்."

"படத்துல இருக்கிற மாதிரித்தானவே வச்சிருக்கு?"

"படம் தப்பு."

"எந்தப் பய போட்ட படம்?"

"நான் போட்டது."

அவர் ஹெல்மெட்டைத் தூக்கி என்னைப் பார்த்தார். "தப்பா போட்டவன் ஒருத்தன் ஏறி வந்து இன்னைக்குத்தான் பாக்கேன்" என்றார். திரும்பி, "ஏல, பம்பை நிப்பாட்டுல!" என்று கத்தினார். "அரை மணிக்கூறுதான் ஓய். அதுக்கு மேல லாரியில மால் கட்டி புடிச்சிரும். பொறவு உம்ம தலையிலதான் கொட்டணும்."

அளவுகள் எனக்கு மனப்பாடம். டேப்பைப் பிடித்து சாக்கட்டியால் குறித்தேன். இரண்டு பேர் கட்டுக்கம்பியை வெட்டிக் குழாயைப் பிடுங்கினார்கள். நான் புது இடத்தில் வைத்துக் கட்டினேன். கம்பி கையைக் கிழித்தது. மூன்று வாரத்தில் அன்றுதான் கால் ஆடவில்லை.

ஒன்பதை மாற்றிவிட்டோம். மற்ற இரண்டுக்கும் உரிய இடத்தில் காங்கிரீட் விழுந்துவிட்டிருந்தது.

"ரெண்டு போனா போவுது, விடும்" என்றார் ஃபோர்மேன்.

அங்கே நின்றே சாருக்கு போன் செய்தேன். இரண்டை மட்டும் மாற்ற முடியவில்லை என்று சொன்னேன். அவர் போனை வைத்துவிட்டார்.

திங்கட்கிழமை லெட்டர் வரவில்லை. பார்ப்போம் என்றார் சார். வீட்டில் என்ன என்று கேட்டார்கள். பார்க்கிறார்களாம் என்றேன்.

அந்த இரண்டையும் குடைந்த அன்று லீவு போட்டுப் போய்ப் பார்த்தேன். மெஷின் உருளையாக ஒரு துண்டை வெளியே எடுத்தது. இன்ஜினியர் அனுமதித்த இடம்தான், பயமில்லை என்றார்கள். துண்டின் பக்கவாட்டில் அறுபட்ட கம்பி புதுசாக மின்னியது. கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தேன்.

இப்போது டப்பாக்களில் ஒன்று கூட்டியிருக்கிறேன். ரெஃப்யூஜ் மாடி வந்தால் நின்றுவிடும். நான் கையால் வைத்த பிறகுதான் மேலே போகும். மேடம் மறுபடி எல்லாத் துளையையும் பார்க்கிறார். சிவப்பில் வட்டம் போட்டுத் தருகிறார்.

போன வாரம் சார் வந்து என் பின்னால் நின்றார். நிற்காமல் ஓட வைக்க முடியாதா என்று கேட்டார்.

"முடியும் சார்" என்றேன். "வைக்க மாட்டேன்."

அவர் தன் அறைக்குத் திரும்பிப் போனார். வருகிற மாதம் என் கான்ட்ராக்ட் முடிகிறது.