ஆளுக்கு ஒரு சீட்டு

நாரின் நகரத்துக்குப் பக்கத்து மலைக்கிராமப் பள்ளியில் நூரிலா பத்து வருடமாக அரசியலமைப்புப் பாடம் நடத்திவந்தாள். அதற்கு முன்பு சோவியத் வரலாறு நடத்தினாள். நாடு மாறியதும் பழைய புத்தகத்தை வாங்கிக்கொண்டு புதியதைக் கையில் கொடுத்தார்கள். அதிகாரம் மக்களிடமிருந்து பிறக்கிறது என்று அதன் முதல் பக்கத்திலேயே இருந்தது. அதற்குப் பிறகு ஆள்பவர்கள் அந்தச் சட்டத்தைத் திருத்திக்கொண்டே இருந்ததால், பாடக் குறிப்புகளை அவள் பென்சிலில்தான் எழுதுவாள்.

வீட்டில் அவள் மூத்த மருமகள். கணவன் சைபீரியாவில் லாரி ஓட்டிவந்தான். மாமனார் பெயர் டெமிர்குல். இதை நான் சொல்லலாம், அவள் சொல்லக் கூடாது. எங்கள் பக்கத்து மருமகள்கள் புகுந்த வீட்டுப் பெரியவர்களின் பெயரை வாயில் எடுப்பதில்லை. அவர் பெயரின் முன்பாதியான 'டெமிர்' என்றால் இரும்பு என்பதால் பதினான்கு வருடமாக இரும்பைக்கூட அவள் 'கறுத்தது' என்றே சொல்லிவந்தாள். வரலாற்று வகுப்பில் இரும்புத்திரையைக் கறுத்த திரை என்று அவள் நடத்தியபோது பிள்ளைகள் மேசைக்கடியில் குனிந்து சிரித்தார்கள்.

பிப்ரவரியில் மறுபடியும் ஒரு திருத்தத்துக்கு ஞாயிற்றுக்கிழமை வாக்கெடுப்பு. கைரேகைக் கருவியெல்லாம் வராத காலம் அது. வியாழக்கிழமை வகுப்பில், "உங்க ஓட்டை இன்னொருத்தர் போடலாமா?" என்று நூரிலா கேட்டாள். "அப்பா போடுவாரே" என்றது மொத்த வகுப்பும். வாக்குரிமை எல்லோருக்கும் சமம், நேரடி, ரகசியம், ஆளுக்கு ஒரு சீட்டு என்று நோட்டில் எழுதவைத்தாள். அந்த வகுப்பில் அவள் மகள் பெகிமையும் இருந்தாள்.

சாப்பாட்டு விரிப்பில் உட்கார்ந்ததும் பெகிமை ஆரம்பித்தாள். "தாத்தா, பாட்டி ஓட்டை நீங்க போடக் கூடாதாம். அம்மா சொன்னாங்க."

நூரிலா நீட்டிய தேநீர்க் கிண்ணத்தை அவர் உள்ளங்கையால் மூடினார். அதோடு சரி. அன்றிலிருந்து மனைவி கையால் வந்த தேநீரை மட்டுமே குடித்தார், மருமகளிடம் ஒரு வார்த்தை இல்லை.

அவளுக்கு எதிர்வீடு நினைவுக்கு வந்தது. போன வருடம் எதிர்வீட்டு மருமகளை ஏதோ வாய்ச்சண்டையில் பிறந்த வீட்டுக்கு அனுப்பினார்கள். பிள்ளையை மட்டும் அனுப்பவில்லை. பிள்ளை அப்பா வீட்டுக்குச் சொந்தமாம். அதை மாற்ற எந்தச் சட்டப் புத்தகத்துக்கும் இந்த ஊரில் கை நீளவில்லை. தனக்கும் அது நடந்தால் கணவன் தொலைபேசியில் அப்பாவுக்குத்தான் ஆமாம் போடுவான் என்பது அவளுக்குத் தெரியும்.

போதாக்குறைக்குத் தலைமையாசிரியர் பெய்ஷென் இந்த முறை அவளை வாக்குச்சாவடிக் குழுவில் போட்டு, அவள் தெருவின் பட்டியலையே அவளிடம் கொடுத்தார்.

"சார், எங்க தெருவை வேற யாருக்காவது குடுங்க. எங்க மாமா வருவாரு."

"வரட்டுமே. ஓட்டுப் போடத்தானே வராரு, பொண்ணு கேட்டா வராரு?"

"அத்தை பாஸ்போர்ட்டையும் சேர்த்து எடுத்துட்டு வருவாரு."

பெய்ஷென் குரலைத் தாழ்த்தினார். "இந்த ஊருல வீட்டுக்கு ஒருத்தர் வந்து எல்லாருக்கும் போட்டாத்தான் மத்தியானத்துக்குள்ள பாதி ஓட்டு விழும். மேலே இருந்து போன் மேல போன். பாடத்தையெல்லாம் வகுப்போட வெச்சுக்கம்மா."

ஞாயிற்றுக்கிழமை பதினொன்றே காலுக்கு டெமிர்குல் சாவடிக்கு வந்தார். வெள்ளைக் கம்பளித் தொப்பியில் பனியைத் தட்டிவிட்டு, மேசையில் பாஸ்போர்ட்டுகளை வைத்தார். இரண்டு அல்ல, மூன்று.

பெயரை உரக்கப் படித்தால்தான் பக்கத்தில் இருப்பவர் பட்டியலில் குறிப்பார். நூரிலா பெய்ஷெனைப் பார்த்தாள். அவர் ஜன்னலுக்கு வெளியே பனியைப் பார்த்துக்கொண்டிருந்தார். முதல் பாஸ்போர்ட்டைப் பிரித்தாள்.

"டெமிர்குல்" என்று படித்தாள்.

வரிசையில் ஒரு பெண் முக்காட்டை இழுத்து வாயை மூடிக்கொண்டாள். மாமனார் முகம் மட்டும் அசையவில்லை.

"மாமா, ஒரு சீட்டுதான் தர முடியும். அத்தை அவங்களே வரணும்."

"அவளுக்கு முழங்கால் வலி."

"பெட்டியை வீட்டுக்கே எடுத்துட்டு வரோம் மாமா."

"என் வீட்டுக்குள்ள எந்தப் பெட்டியும் வராது. சரி, மூணாவது?"

பிரித்தாள். அவளுடைய படமே அவளைப் பார்த்தது. பாஸ்போர்ட்டுகள் எல்லாம் அவருடைய மரப்பெட்டியில்தான் கிடக்கும். அத்தைக்காக மூன்று நாளாகப் பயந்துகொண்டிருந்தவளுக்குத் தன்னுடையதும் அங்கேதான் இருக்கிறது என்பது நினைவுக்கே வரவில்லை.

"இது என்னோடது. நானே போட்டுக்கறேன்."

"இத்தனை வருஷமா யாரும்மா போட்டா?"

இத்தனை முறையும் அவளுக்காக அவர்தான் போட்டிருந்தார். ஒரு முறை கைக்குழந்தை என்றாள், ஒரு முறை மாடு கன்று போட்டது என்றாள். குளிரில் வரிசையில் நிற்கும் வேலை மிச்சம் என்று உள்ளூரச் சந்தோஷப்பட்டதும் உண்டு. ஊர்ப் பிள்ளைகளுக்கு உரிமையைச் சொல்லிக்கொடுத்தவள், இதுவரை தனக்கென்று ஒரு சீட்டைக் கையால் தொட்டதில்லை. வெட்கத்தில் காது சுட்டது.

அவர் தன் ஒரு சீட்டைப் போட்டுவிட்டுத் திரும்பி வந்தார். மூன்று பாஸ்போர்ட்டையும் பொறுக்கி உள்பையில் வைத்துக்கொண்டார். "சாயங்காலம் வீட்டுக்குத்தானே வரணும்" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு வேலை ஓடவில்லை. இரண்டு தடவை எண்ணைத் தப்பாக எழுதினாள். யாரோ வைத்துவிட்டுப் போன போர்சோக் பலகாரம் தட்டிலேயே ஆறிப்போனது. பாஸ்போர்ட்டுக் கட்டோடு வந்த ஆண்கள் சிலர் முணுமுணுத்துக்கொண்டு திரும்பினார்கள், சிலர் மனைவியைக் கூட்டிவந்தார்கள். பெகிமை இந்நேரம் வீட்டில் என்ன பேச்சைக் கேட்டுக்கொண்டிருப்பாளோ என்று நினைக்கும்போதெல்லாம் எழுதுவதை நிறுத்திவிட்டுக் கதவைப் பார்த்தாள்.

ஏழு மணிக்குப் பெய்ஷெனுக்கே மனம் இளகிவிட்டது. "உன்னைத் தெரியாதவங்க யாரு இங்க? கையெழுத்துப் போட்டு ஒரு சீட்டு வாங்கிக்க."

"பாஸ்போர்ட் இல்லாம சீட்டு இல்ல சார்" என்றாள்.

சாவடி மூட அரைமணி நேரம் இருக்கையில் கதவு திறந்தது. அத்தை, கோலை ஊன்றிக்கொண்டு, முழங்கால்வரை பனியோடு. மேசைக்கு வந்து சேரவே வெகு நேரம் ஆனது. சட்டைக்குள்ளிருந்து இரண்டு பாஸ்போர்ட்டை எடுத்து வைத்தாள்.

"அவரு தொழுகைக்கு உட்கார்ந்தாரு. மரப்பெட்டியைத் திறந்துட்டேன்."

நூரிலா பாஸ்போர்ட்டைப் பிரித்துவிட்டுத் தயங்கினாள்.

"நீ படிக்க வேணாம், நானே சொல்றேன். என் பேரு சல்கின். எழுதிக்க."

அத்தை தடுப்புக்குள் போனாள், வந்தாள், பெட்டியில் போட்டாள். அடுத்து நூரிலாவின் பெயரைப் பெய்ஷென் படித்தார். அவளும் திரைக்குள் போனாள். ஆம், இல்லை என்று இரண்டே கட்டங்கள். எல்லா விதிகளையும் மனப்பாடமாகச் சொல்லத் தெரிந்தவளை உனக்கு என்ன வேண்டும் என்று இதுவரை யாரும் கேட்டதில்லை. அவளும் கேட்டுக்கொண்டதில்லை. வெளியே பெய்ஷென் இருமினார். ஒரு கட்டத்தில் குறியிட்டு மடித்தாள்.

வெளியே வந்தபோது அத்தை சுவரோரப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

"அத்தை, எண்ணி முடிக்க நேரமாகும். யாரையாவது துணைக்கு அனுப்பி உங்களை வீட்டுல விடச் சொல்றேன்."

"வேணாம், இங்கேயே இருக்கேன்" என்றாள் சல்கின். "உன்கூடவே வரேன். தனியா அந்த வீட்டுக்குப் போக எனக்குப் பயமா இருக்கு."