முதலில் மலை, கடைசியில் கடல்

கிடைத்த நான்கு நாள் விடுமுறையில் மலை, பாலைவனம், கடல் மூன்றையும் பார்த்துவிடுவது என்று முடிவாயிற்று. கடலில் தொடங்கலாம் என்றார் கணவர். பாலைவனம்தான் முதலில் என்றான் அவர் தம்பி. சலவைக் கடை நடத்தும் மனைவி இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

"முதல்ல மலை. கடைசியில கடல்."

"ஏன் அண்ணி?"

"குளிர்ல வேர்க்காது. மறுநாளும் அதே சட்டையைப் போட்டுக்கலாம். பாலைவனத்துல மணல் ஒட்டும், உதறினா போயிடும். கடல்ல எப்படியும் நனையத்தான் போறீங்க, அழுக்குச் சட்டையோடவே இறங்குங்க."

"நாம ஊர் பார்க்கப் போறோமா, துணியைப் பார்க்கப் போறோமா?" என்று சிரித்தான் தம்பி.

கணவர் சிரிக்கவில்லை. அவள் மலையையும் பார்த்ததில்லை, மணல்மேட்டையும் பார்த்ததில்லை. ஊர் சுற்றி வந்தவர்கள் கடையில் போடும் துணிகளை உதறி உதறியே நாட்டைத் தெரிந்துவைத்திருக்கிறாள். பேன்ட் மடிப்பில் மணல், காலரில் உப்பு, ஸ்வெட்டரில் விறகுப் புகை. யார் எங்கே போய்வந்தார்கள் என்று கேட்காமலே சொல்லிவிடுவாள். என்ன மூளை இவளுக்கு!

மூன்று பேருக்கும் ஒரே பைதான். கணவர் அதை ஒரு கையால் தூக்கிப் பார்த்துப் பூரித்துப்போனார். எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு துணி சோப்பை உள்ளே போடப் போனார்.

அவள் வெடுக்கென்று பிடுங்கி அலமாரியில் வைத்தாள்.

"இது இங்கயே இருக்கட்டும். திரும்பி வந்ததும் நீங்க துவைக்கணும்ல?"