குப்பைக் கிடங்கும் ஒரு பொன்னாடையும்

அந்தப் பலகையைப் பார்த்த அன்று பால் கறக்க உட்கார்ந்தும் என் நினைப்பெல்லாம் அதிலேயே இருந்தது. செம்பனை எண்ணெய்த் தோட்டத்துக்குள் திரும்புகிற முக்கில், வழக்கமாக வட்டிக்கடை விளம்பரங்கள் தொங்குகிற இடத்தில், இரண்டு கம்பு நட்டு வெள்ளைப் பலகை ஒன்றை வைத்திருந்தார்கள். எல்லாம் மலாய். நான் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பை முடித்து, மலாய்ப் பள்ளிக்குப் போகும் முன் ஒரு வருஷம் படிக்க வைக்கிற ரிமூவ் வகுப்பில் பாதியில் நின்றவன். மலாய் பேச வரும். அலுவலக மலாயைப் படிக்க வேண்டுமென்றால் ஒவ்வொரு சொல்லிலும் நின்று நின்றுதான் போவேன். மோட்டாரை ஓரமாக நிறுத்தி, பால் கேன் பின்னால் தொங்க, நின்று படித்தேன். மேட்டிலிருக்கும் செம்பனை நிலத்தில் குப்பைக் கிடங்கு அமைக்க ஒரு கம்பெனி விண்ணப்பம் போட்டிருக்கிறது. அதை ஒட்டிய நிலத்துக்காரர்களுக்கு ஆட்சேபம் இருந்தால் நகராட்சி மன்றத்துக்கு எழுதலாம்.

அந்த ஒட்டிய நிலத்துக்காரன் நான். அப்பா வேலை பார்த்த தோட்டத்தைத் துண்டு போட்டு விற்று எல்லாரையும் வெளியே அனுப்பியபோது கொடுத்த பணத்தில் அவர் வாங்கிப்போட்ட மூலை நிலம் அது. மேட்டிலிருந்து இறங்குகிற ஓடை என் மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் வளைந்து போகிறது. மாடுகள் அதில்தான் குடிக்கின்றன, அதில்தான் வெயிலுக்கு நிற்கின்றன. மேலே குப்பையைக் கொட்டினால் அதன் சாறு மழையோடு எங்கே வரும்? கீழேதான் வரும்.

நான் இயல்பிலேயே பயந்தவன். மாடு ஒரு வேளை அசை போடவில்லை என்றால் எனக்குச் சாப்பாடு இறங்காது. அன்று ஸ்கூடாய் டவுனில் வீடு வீடாகப் பால் ஊற்றிக்கொண்டு போகும்போது ஒவ்வொரு கதவிலும் எனக்கு ஒரே யோசனைதான். இந்தப் பிள்ளை இந்தப் பாலைக் குடித்து வாந்தி எடுத்தால் என்ன செய்வேன்? யாராவது ஒருத்தர் வாய் தவறி 'குப்பைப் பால்' என்று சொன்னால் போதும், ஸ்கூடாய் முழுக்க என் வியாபாரம் முடிந்தது. வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் வெங்காயம் உரிப்பதை நிறுத்தாமலே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, இன்னும் ஒரு லோரி குப்பைகூட வரல. அதுக்குள்ள நீங்க மாட்ட எல்லாம் கொன்னு பொதைச்சிட்டீங்க."

ஆனால் மறுநாள் மன்றத்துக்கு என்னோடு வந்தவளும் அவள்தான். முகப்பில் இருந்த பெண் எந்தத் தாளில் எழுத வேண்டும் என்று காட்டினாள். என் மலாயில், என் கையெழுத்தில், ஓடையைப் பற்றியும் மாடுகளைப் பற்றியும் எழுதிக் கொடுத்தேன். அந்தப் பெண் முத்திரை குத்தி, விசாரணைக்குக் கூப்பிடுவோம் என்றாள்.

சாலைக்கு அந்தப் பக்கம் இருக்கிற தாமான் குடியிருப்பில் செய்தி பரவியது. அங்கே இருப்பவர்கள் பாதிப் பேர் எங்கள் பழைய தோட்டத்து ஆட்கள். எனக்கு ஆதரவாக நிற்பார்கள் என்று நினைத்தேன். நின்றது என் எதிரே. குடியிருப்பாளர் சங்கத் தலைவர் பாசிர் கூடாங்கில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர், என்னைவிடச் சின்னவர். கம்பெனிக்காரன் தாமானுக்கு ஒரு மண்டபம் கட்டித் தருவதாகவும், எடை போடும் இடத்திலும் காவலுக்கும் நம் பையன்களை எடுப்பதாகவும் அவரிடம் சொல்லியிருந்தான். அவர் கொட்டகைக்கே வந்து, மூக்கைச் சுளித்தபடி வாசலில் நின்றார்.

"அண்ணே, உங்க நாலு மாட்டுக்காக ஒரு தாமானோட சோத்துல மண்ணைப் போடாதீங்க."

மாட்டுக்கும் சோறு வேண்டும்தானே என்றேன். அவர் சிரிக்கவில்லை. அந்த வாரத்திலிருந்து தாமானில் பால் வாங்கியவர்கள் ஒவ்வொருவராக நிறுத்தினார்கள். ஒரு வீட்டில் என் முகத்தைப் பார்த்துச் சொல்லக்கூட மனசு வரவில்லை. கேட்டில் கடையில் வாங்கின பாலின் காலிப் பெட்டியைச் செருகி வைத்திருந்தார்கள், நான் பார்த்துப் புரிந்துகொள்ளட்டும் என்று. புரிந்தது. அதைச் செருகிய கை நாசமாய்ப் போகட்டும் என்று அன்று நினைத்தேன். இப்போதும் அந்த வீட்டைக் கடக்கும்போது மனசு இளகுவதில்லை.

அப்புறம்தான் விளக்கக் கூட்டம். மன்ற உறுப்பினர் ஒருவர், நம் ஆள், தாமான் கூடத்துக்கு வந்து மக்களிடம் பேசுவார் என்றார்கள். கிடங்கு விண்ணப்பத்தைப் பார்க்கும் குழுவிலும் அவர் இருந்தார். சங்கத் தலைவர் திடீரென்று என்னிடம் இனிமையாகப் பேசினார். எழுத்தில் போட்டது போகட்டும், நேரிலேயே கேளுங்கள், ஆள் நம்மவர், கேட்பார் என்றார். டீக்குப் பாலும் என்னிடமே கேட்டார். அதையும் நம்பிக் கொண்டுபோனேன்.

நம் கூட்டங்கள் எப்படி நடக்கும் என்று யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. சட்டமன்ற, நாடாளுமன்றக்காரர்களைக் கூப்பிடுகிற 'ஒய்பி' என்ற பட்டம் மன்ற உறுப்பினருக்குச் சட்டப்படி கிடையாது. ஆனால் மைக்கைப் பிடித்த ஒவ்வொருவரும் அவரை ஒய்பி என்றே கூப்பிட்டார்கள், அவரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. குத்துவிளக்கு, கடவுள் வாழ்த்து, வரவேற்புரை, அதற்கு ஒரு நன்றி. பிறகு மாலை, பொன்னாடை. நான் கடைசி வரிசையில் உட்கார்ந்து, கேட்க வேண்டியதை உதட்டுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது தலைவர் மைக்கில் சொன்னார்: "ஒய்பி அவர்களுக்குப் பொன்னாடை போர்த்த, நம்ம வட்டாரத்து மூத்தவர், நிலச் சொந்தக்காரர், அண்ணன் அவர்களை அழைக்கிறோம்."

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். கைதட்டல். என்ன செய்வது? கூப்பிட்ட பிறகு எழுந்து போகாமல் இருப்பது நம் பழக்கத்தில் கிடையாது. அந்த ஆளுக்கு மரியாதை கொடுக்காவிட்டால், கூட்டத்தையே அவமதித்த மாதிரி ஆகிவிடும். அதுவும் அவரிடம் நான் கேட்க வேண்டியது இருக்கிறது. போனேன். தட்டிலிருந்த பொன்னாடையை எடுத்துப் போர்த்தினேன். உறுப்பினர் என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கைப்பேசியில் படம் எடுக்கிறவன் பக்கம் திரும்பினார். "அண்ணே, சிரிங்க" என்றான் அவன். சிரித்தேன்.

கேள்வி நேரம் வந்தபோது இன்னொரு நிகழ்ச்சிக்கு நேரமாகிவிட்டது என்றார்கள். நான் எழுந்து நின்றதை அவர் பார்த்தார், நிச்சயமாகப் பார்த்தார். கும்பிட்டுக்கொண்டே வெளியே போனார். என் பாலில் போட்ட டீயைக் குடித்துவிட்டு ஆட்கள் கலைந்தார்கள்.

விசாரணை மன்றக் கட்டடத்தில் நடந்தது. குளிர்சாதனம் எலும்புக்குள் இறங்கியது. நீள மேசைக்கு நடுவில் தலைமை அதிகாரி. அவர் பக்கத்தில் மற்றவர்கள், அவர்களில் ஒருவராக நம் உறுப்பினர். எதிரே கம்பெனியின் ஆலோசகர், சின்ன வயதுப் பெண், மடிக்கணினியோடு. நான் ஒரு ஓரத்தில். மனைவியை உள்ளே விடவில்லை, வெளியே நாற்காலியில் உட்காரச் சொல்லிவிட்டார்கள்.

என்னைப் பேசச் சொன்னார்கள். ஓடையைப் பற்றித் திக்கித் திக்கிச் சொல்லி முடித்தேன். அதன் பிறகு அந்தப் பெண் திரையில் படங்களைக் காட்டினாள். கிடங்கின் அடியில் விரிக்கும் தடித்த பிளாஸ்டிக், சாறு பிடிக்கும் குளம், சுற்றிலும் மரம். அப்புறம் திரை முழுக்க நான். பல் தெரியச் சிரித்துக்கொண்டு, அந்த ஆளின் தோளில் பொன்னாடையை இழுத்து விட்டுக்கொண்டு. கீழே மலாயில் 'குடியிருப்பாளர் ஆதரவு' என்று எழுதியிருந்தது.

தலைமை அதிகாரி படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அது நீங்கள்தானே என்று கேட்டார். ஆமாம் என்றேன். அப்படியானால் எப்போது மனசு மாறியது என்றார். கிண்டலாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே அவருக்குப் புரியவில்லை. துணி போர்த்தினால் சம்மதம் இல்லை என்பதை அந்த மேசைக்கு நான் எந்த மலாயில் சொல்வேன்? அதை விளக்கக்கூடிய ஒரே ஆள் எதிரே உட்கார்ந்து மேசையில் கைப்பேசியைத் திருப்பிக்கொண்டிருந்தார். தலைமை அதிகாரியும் அவரிடமே கேட்டார். அவர் தொண்டையைச் சரிசெய்துகொண்டு, இது எங்கள் பண்பாட்டில் மரியாதைக்குச் செய்வது என்றார். எனக்கு மூச்சு வந்தது. அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் மனசில் இல்லாமல் யாரும் போர்த்த மாட்டார்கள் என்று சேர்த்தார்.

நான் தமிழில் பேசினேன். அங்கே தமிழில் பேசலாமா கூடாதா என்று தெரியாது. மலாய் அத்தனையும் எனக்கு மறந்துபோயிருந்தது.

"தம்பி, தோட்டத்த மூடி எங்கள வெளிய அனுப்பினாரே ஒரு மானேஜரு, அவரு போற அன்னைக்கு எங்க அப்பாதான் அவருக்கு மாலை போட்டாரு. அழுதுகிட்டே போட்டாரு. மனசுல இருந்துதான் போட்டாரா? சொல்லுங்க. நீங்களே அவங்ககிட்ட மலாய்ல சொல்லுங்க."

நான் என்ன சொன்னேன் என்று தலைமை அதிகாரி உறுப்பினரிடம் கேட்டார். உறுப்பினர், பழைய தோட்டத்து விஷயம் என்று மழுப்பினார். அப்போது எனக்கு மலாய் திரும்பி வந்தது, கோபத்தில் வந்தது. வேலையிலிருந்து அனுப்பிய மானேஜருக்கே என் அப்பா மாலை போட்டார், வீட்டுக்கு வருகிற யாருக்கும் நாங்கள் போடுவோம், நாளைக்கு நீங்கள் வந்தால் உங்களுக்கும் போடுவோம், அதற்காக என் ஓடையைக் கொடுத்துவிட்டேன் என்று ஆகுமா என்று கேட்டேன். மேசையின் கோடியில் யாரோ சிரித்தார்கள். தலைமை அதிகாரி சிரிக்கவில்லை. மக்கள் ஆதரவுக்கு இந்தப் படத்தைத் தவிர வேறு என்ன இருக்கிறது என்று அந்தப் பெண்ணிடம் கேட்டார். அவள் மடிக்கணினியில் தேடினாள். கூட்டத்தில் யாராவது கேள்வி கேட்டார்களா, பதில் சொன்னார்களா, அதை யாராவது எழுதி வைத்தார்களா என்றும் அவர் கேட்டார். இல்லை.

விண்ணப்பத்தைத் தள்ளிவைத்தார்கள். நிராகரிக்கவில்லை, தள்ளிவைத்தார்கள். முறையான கூட்டம் மறுபடியும் நடக்க வேண்டும், வடிகால் இலாகா வந்து ஓடையைப் பார்க்க வேண்டும் என்றார்கள்.

கார் நிறுத்தும் இடத்தில் உறுப்பினர் எங்களைப் பிடித்தார். முகம் கருத்திருந்தது.

"நாலு பேரு முன்னால என்னைய அசிங்கப்படுத்திட்டீங்க அண்ணே."

நான் வாயைத் திறப்பதற்குள் மனைவி சொன்னாள்: "சிரிக்கச் சொல்லி படம் புடிச்சப்ப நல்லா இருந்துச்சுங்களா?"

அவர் அவளைப் பார்க்கவே இல்லை. கார்க் கதவைத் திறந்தபடி என்னிடம், "கொட்டகைக்கு மன்றத்து லைசென்ஸ் இருக்கா அண்ணே? சும்மாதான் கேட்டேன்" என்றார்.

இல்லை. கால்நடை இலாகாவில் பதிந்திருந்தேன், மன்றத்தில் இல்லை. அதற்குப் பிறகு எந்த வண்டிச் சத்தம் கேட்டாலும் கொட்டகை வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தேன். ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு வடிகால் இலாகாக்காரர்கள் முதலில் வந்தார்கள், நல்லபடியாகத்தான் பேசினார்கள். கரையை அளந்தார்கள், தண்ணீரைப் புட்டியில் பிடித்தார்கள். இது வருஷம் முழுக்க ஓடுகிற ஓடைதான், பாதுகாக்க வேண்டியதுதான் என்றார்கள். கரையிலிருந்து இவ்வளவு தூரத்துக்குள் எதுவும் கட்டக்கூடாது என்று எழுதிக்கொண்டார்கள். கம்பெனி வரைபடத்தை மாற்ற வேண்டிவரும் என்றார் ஒருவர். நான் அவருக்கு இளநீர் வெட்டிக் கொடுத்தேன்.

அடுத்து வந்தவர்கள் மன்றத்து அமலாக்கப் பிரிவு. அதே தூரத்துக்குள் என் கொட்டகையும் நின்றது. மாட்டுச் சாணி ஓடையில் கலக்கிறது, புகார் வந்திருக்கிறது, பிரித்து மேலே கொண்டுபோக வேண்டும் என்றார்கள். யார் புகார் என்று கேட்டேன், சொல்லவில்லை. ஓடைத் தண்ணீரை என் மாடு குடிக்கலாமா என்று கேட்டேன். அந்த அதிகாரி கொஞ்சம் யோசித்துவிட்டு, தண்ணீரை இறைத்துக் கொடுக்கலாம், மாடு ஓடையில் இறங்கக் கூடாது என்றார்.

ஆக ஓடையைக் குப்பையிடமிருந்து காப்பாற்றப் போய், என்னிடமிருந்தும் காப்பாற்றிக் கொடுத்துவிட்டேன். சங்கத் தலைவர் சாலையில் மோட்டாரை மெதுவாக்கி, நான் கொட்டகைக் கூரையின் ஸிங் தகடுகளைக் கழற்றுவதைப் பார்த்துவிட்டுப் போனார். வாயைத் திறந்து ஏதாவது சொல்லியிருந்தால் அன்று நான் சும்மா விட்டிருக்க மாட்டேன்.

கொட்டகை இப்போது சாலையை ஒட்டி, வெயிலில் நிற்கிறது. ஒரு சின்னப் பம்பு வாங்கித் தொட்டியில் தண்ணீர் ஏற்றுகிறேன். மாடுகளுக்கு இது பிடிக்கவில்லை. மதியம் ஆனால் கயிற்றை இழுத்துக்கொண்டு ஓடை இருக்கும் பக்கமே முகத்தைத் திருப்பி நிற்கின்றன. அதில் வயசான ஒன்று இரண்டு தடவை அறுத்துக்கொண்டு போய் நடுத் தண்ணீரில் நின்றது. எந்த வண்டி வருமோ என்று சாலையைப் பார்த்துக்கொண்டே நான் இடுப்பளவு இறங்கி அதைத் தள்ளிக்கொண்டு வந்தேன். தண்ணீர் இன்னும் அடி தெரிகிற மாதிரிதான் ஓடுகிறது. மேட்டில் செம்பனை அப்படியே நிற்கிறது, முக்கில் பலகையும் அப்படியே நிற்கிறது. மறுகூட்டம் எப்போது என்று மன்றத்தில் கேட்கப் போகும்போதெல்லாம் முகப்பில் இருக்கும் பெண் இன்னும் தெரியவில்லை என்கிறாள். பால் ஊற்றி முடித்ததும், வாரத்தில் ஒரு நாள், நான் போய்க் கேட்டுக்கொண்டேதான் இருக்கிறேன்.