சங்கு ஊதுமுன் வந்த தண்ணீர்

எங்கள் ஊரில் கிணற்றை நம்பி யாரும் நாற்று விடுவதில்லை. சுரங்கம் ஆழமாக ஆழமாக ஊற்று பாதாளத்துக்கு இறங்கிவிட்டது. அதே சுரங்கத்திலிருந்து இறைத்து வெளியே விடுகிற தண்ணீர்தான் வாய்க்காலில் வந்து எங்கள் வயலை நனைத்தது. ஷிஃப்ட் சங்கு ஊதியதும் புது ஆட்கள் வந்து மோட்டார் போடுவார்கள். கொஞ்ச நேரத்தில் வாய்க்கால் ஏறும். என் மாமனார் மடையைத் திறப்பதும் மூடுவதும் சங்குக்குத்தான். வானத்தைப் பார்த்து வெள்ளாமை செய்கிறவர்கள் மத்தியில் மனுஷன் காதை வைத்துச் செய்தார்.

அந்த மோட்டார்களிடம் நின்றது என் கணவர். காண்ட்ராக்ட் வேலை. சுரங்கத்துக்கு நிலம் கொடுத்த வீட்டுக்கு பெர்மனென்ட் வேலை கிடைக்கும் என்று ஊரெல்லாம் பேச்சு. பெர்மனென்ட் என்றால் நகரியத்தில் குவார்ட்டர்ஸ், குழாயைத் திருகினால் தண்ணீர். கொடுத்துவிடலாம் என்று பிள்ளையும் மாட்டேன் என்று அப்பாவும் இதே மல்லுக்கட்டு. ஒருநாள் சாப்பிடும்போது மாமனார் கையை உதறினார்.

“இந்த வெள்ளாம வூடு வந்து சேரலன்னா நெலத்த குடுத்துடறன்டா. சேந்துச்சின்னா, அப்பறம் அந்தப் பேச்சே எங்கிட்ட எடுக்கக் கூடாது.”

“செரிப்பா,” என்றார் இவர்.

நடுவில் நான்! விளையட்டும் என்று சாமியிடம் கேட்பதா, விளையாமல் போகட்டும் என்று கேட்பதா? குவார்ட்டர்ஸ் ஆசை எனக்குத்தான் அதிகம். ஆனாலும் பச்சைப் பயிரைச் சபிக்க எந்தப் பொம்பளைக்கு வாய் வரும்?

அந்த வருஷம் ஐப்பசி மழை ஏமாற்றிவிட்டது. கார்த்திகையில், கதிர் பால் பிடிக்கிற சமயம், மாமனார் காலைச் சங்குக்கு மடையைத் திறந்துவிட்டு வந்தார். அதற்குப் பிறகு பிடித்தது பாருங்கள் மழை, கண்ணைத் திறக்க விடவில்லை. மதியச் சங்குக்கு மூடிக்கொள்ளலாம் என்று அவர் பாட்டுக்குச் சாப்பிட உட்கார்ந்தார். அப்போது இவர் போன் செய்தார்.

“சொரங்கக் குழியில தண்ணி ரொம்பிகினு இருக்குது. இருக்கற மோட்டாரு எல்லாத்தையும் போட்டுட்டாங்க. அப்பாவ மடைய மூடச் சொல்லு, சீக்கிரம்!”

மாமனாரிடம் சொன்னேன். சோற்றிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை.

“இன்னும் மதியச் சங்கே ஊதல, மேக்கொண்டு தண்ணி எங்கேந்து வரும்? பயிரு காயணும்னு பாக்கறான் உம் புருஷன். போயி மோர எடுத்தா.”

எனக்கு வந்த ஆத்திரத்தில் மோரையும் வைக்கவில்லை, ஒன்றையும் வைக்கவில்லை. மழையிலேயே ஓடினேன். வாய்க்கால் கரை முட்டிப் போய்க்கொண்டிருந்தது. மடைப் பலகையைப் பிடித்து அழுத்திப் பார்த்தேன், முக்கிப் பார்த்தேன். அசையவில்லை. முந்தானைக்குள் மறைத்து இவருக்குப் போன் போட்டேன்.

“கதிரு முழுவுதுங்க. மாமா நம்ப மாட்டேங்கறாரு. பலக எனக்கு எறங்கல.”

போன் நின்றுவிட்டது.

வண்டியில் வந்தவர் ஹெல்மெட்டைக் கூடக் கழற்றாமல் வாய்க்காலில் குதித்தார். மார்பளவு தண்ணீரில் நின்று பலகையைக் கீழே தள்ளினார். பாதி இறங்கியபோது சங்கு ஊதியது. சங்கைக் கேட்டு, மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு, சாவகாசமாக வந்தார் மாமனார். பார்த்தவர் மண்வெட்டியைப் போட்டுவிட்டு அவரும் இறங்கினார். இரண்டு பேருமாகப் பலகையை அழுத்தி மூடினார்கள். பிறகு கீழ்வரப்பை வெட்டித் தண்ணீரை வடித்தார்கள்.

இவர் ஷிஃப்ட் முடியாமல், யாரிடமும் சொல்லாமல் வந்திருக்கிறார். மறுநாள் காண்ட்ராக்டர் கேட் பாஸை வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்.

தை மாதம் நெல் வீடு வந்து சேர்ந்தது. கீழ்ப்பக்கம் கொஞ்சம் பதர், மற்றதெல்லாம் மணி மணியாக இருந்தது. மாமனார் மூட்டைகளைத் தடவிக்கொண்டு நின்றார். இப்போதாவது பிள்ளையை நினைத்துப் பார்ப்பார் என்று நான் காத்திருந்தேன்.

“வெள்ளாம வூடு சேந்துடுச்சி. பேச்சு பேச்சுதான்,” என்றார்.

“கொண்டாந்து சேத்தது யாருங்க மாமா? வேல போயி குந்திகினு இருக்காரே, கண்ணுக்குத் தெரியலியா?” கத்திவிட்டேன். அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே போனார். கேட்டிருக்கக் கூடாது என்று தோன்றவில்லை, இன்றைக்கும்.

இவர்தான், “வுடு. செரின்னு சொன்னது நான்தான,” என்றார்.

“நீங்க வராம இருந்திருந்தா இந்த வேலயும் நிலச்சிருக்கும், நெலத்த குடுத்து குவார்ட்டர்ஸும் கெடச்சிருக்குமே.”

“நெல்லு முழுவுறது தெரிஞ்சிகினே மோட்டார்கிட்ட நிக்கச் சொல்றியா?”

யார்மேல் ஆத்திரம் என்று தெரியாமலே மூட்டைகளை இழுத்து அடுக்கப் போனேன்.

அந்தப் புது அரிசியை ஒரு மதியம் வடித்து இருவருக்கும் போட்டேன். வாசனை வீடு முழுக்க நின்றது. பாதிச் சாப்பாட்டில் சங்கு ஊதியது. மாமனார் கையைக் கழுவிக்கொண்டு, மடைக்குப் போக மண்வெட்டியை எடுத்தார். இவரும் சங்குச் சத்தத்துக்குப் பாதி எழுந்தார். ஆணியில் தொங்கிய வேலைச் சட்டையைப் பார்த்தார். பிறகு தட்டை இழுத்துக்கொண்டு மறுபடி உட்கார்ந்தார்.