களத்தில் கொடுத்த முதல் மூட்டை

குழந்தைகளே, அறுவடையானதும் முதல் மூட்டை நெல்லைக் களத்திலேயே தானம் கொடுப்பது எங்கள் வீட்டு வழக்கம். போன வருஷம், நாகப்பட்டினத்தில் அநாதைப் பிள்ளைகளுக்கு இல்லம் நடத்துவதாகச் சொல்லி வேனில் வந்தவர்களுக்குக் கொடுத்தேன்.

என் மகள் தன் பிறந்தநாளன்று, "அந்தப் பிள்ளைங்களோட சாப்பிடலாம்ப்பா" என்றாள். அவர்கள் சொன்ன விலாசத்துக்குப் போனோம். வீடு பூட்டிக் கிடந்தது.

எதிர்க் கடைக்காரர் சிரித்தார். "பிள்ளைங்களா? இங்க நெல்லு மட்டும்தாங்க வந்து இறங்கும். மறுநாளே மில்லுல வித்துடுவாங்க."

எனக்கு ரத்தம் கொதித்தது. பசித்த பிள்ளைகளின் பெயரைச் சொல்லித் திருடுகிறவன் மனிதனா?

இப்போதெல்லாம் எந்த இல்லமானாலும் சோற்று வேளையில் சொல்லாமல் நேரில் போய், பிள்ளைகள் சாப்பிடுவதைப் பார்த்த பிறகுதான் மூட்டையை இறக்குகிறேன்.

இந்த வருஷமும் அதே வேன் களத்துக்கு வந்தது.

"மூட்டையோட நாங்களும் ஏறிக்கிறோம். பிள்ளைங்களைக் காட்டுங்க" என்றாள் மகள்.

வேன் மூட்டையை ஏற்றாமலே கிளம்பிப் போய்விட்டது.