சாவி மகன் கையில் இருந்தது

பொள்ளாச்சிக்கு அப்பால், சாலையோர இளநீர்க் கடை ஒன்றின் முன்னால் என் மகன் காருக்குள் மாட்டிக்கொண்டபோது அவனுக்கு ஒன்றரை வயது. காரைப் பூட்டியது அவனேதான். சாவியைக் கொடுத்தது நான்.

கோவையில் அடுக்குமாடி வீட்டுக்குள் ஐந்து வயது மகளையும் ஒன்றரை வயது மகனையும் நாள் முழுக்க வைத்திருப்பது லேசான காரியமில்லை. அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் எங்காவது கிளம்பிவிடுவோம். நான் மோட்டார் பம்பு செய்யும் கம்பெனியில் வேலை பார்க்கிறவன். எதையும் பட்டியல் போட்டுச் செய்கிற பழக்கம் உண்டு. தொப்பி, இரண்டு செட் மாற்றுத்துணி, காய்ச்சல் மருந்து, வாந்தி வந்தால் பிடிக்க ஒரு பை. குடியிருப்பில் கைக்குழந்தை உள்ளவர்கள் வெளியூர் கிளம்பும்முன் என்னிடம்தான் யோசனை கேட்பார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

அன்று ஆனைமலைப் பக்கம் நண்பர் ஒருவரின் தென்னந்தோப்புக்குப் போய்க்கொண்டிருந்தோம். அங்கே வாய்க்காலில் கணுக்கால் அளவுக்குத்தான் தண்ணீர் ஓடும். பிள்ளைகள் பயமில்லாமல் விளையாடலாம். உச்சி வெயில். மகள் ஒன்றுக்குப் போகவேண்டும் என்றாள். இளநீர்க் கடை ஓரமாக வண்டியை நிறுத்தினேன். மனைவி அவளைக் கூட்டிக்கொண்டு மரங்களுக்குப் பின்னால் போனாள்.

பின் இருக்கையில், குழந்தை நாற்காலியில் வார் போட்டு உட்கார்த்தியிருந்த மகன் அழ ஆரம்பித்தான். சாவிக்கொத்தைக் கொடுத்தால் அடங்கிவிடுவான். வீட்டில் எத்தனையோ தடவை கொடுத்திருக்கிறேன். இன்ஜினை நிறுத்தி, சாவியை உருவி அவனிடம் கொடுத்தேன். லாரிகள் கிளப்பும் புழுதி உள்ளே போகாதிருக்கக் கதவைச் சாத்திவிட்டு, நாலடி தள்ளிப் போய் இளநீர் வெட்டச் சொன்னேன்.

பின்னால் டக்கென்று ஒரு சத்தம். நான்கு கதவுகளும் ஒன்றாகப் பூட்டிக்கொள்ளும் சத்தம்.

முதலில் நான் சிரித்தேன். கண்ணாடியில் முகத்தை ஒட்டி, "இன்னொருக்கா அமுக்கு கண்ணு" என்றேன். அவனும் சிரித்துக்கொண்டே சாவியை ஆட்டிக் காட்டினான். அது அவன் கையிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது. வாருக்குள் இருக்கும் பிள்ளை குனிய முடியாது.

என் போனும் மனைவியின் போனும் உள்ளே இருந்தன. கடைக்காரம்மா தன் பட்டன் போனை நீட்டினார். முன் கண்ணாடியில் ஒட்டியிருந்த, கார் கம்பெனியின் அவசர உதவி எண்ணைப் பார்த்து அழைத்தேன். ஏதேதோ எண்களை அழுத்தச் சொல்லி, காத்திருக்கச் சொல்லி, கடைசியில் ஒருவர் பேசினார். அரை மணி நேரத்தில் ஆள் வரும் என்றார். சரிங்க என்று நன்றி சொல்லி வைத்தேன். நன்றி சொன்னது இன்றும் எனக்கு நினைவிருக்கிறது.

அதற்குள் மகனின் சிரிப்பு நின்றிருந்தது. முகம் செக்கச்செவேலென்று ஆகி, தலைமுடி நெற்றியில் ஒட்டிக்கிடந்தது. வாயைத் திறந்து அழுதான். கண்ணாடி சத்தத்தை விழுங்கிவிட்டதால் அழுகை எங்கோ தூரத்து வீட்டிலிருந்து கேட்பதுபோல இருந்தது.

"ஏனுங்க தம்பி, அரை மணி நேரமெல்லாம் கொழந்தை தாங்காதுங்க. கண்ணாடிய ஒடைச்சுப்போடுங்க" என்றார் கடைக்காரம்மா.

நான் சொன்னேன்: "புது வண்டிங்க."

யாரோ சொன்னதுபோல அந்தச் சொல் என் காதில் விழுந்தது.  கடைக்காரம்மா என்னை ஒருமுறை பார்த்தார், அவ்வளவுதான்.

மரங்களுக்கிடையே குச்சி பொறுக்கி நின்ற மகளை இழுத்துக்கொண்டு மனைவி அப்போதுதான் வந்தாள். அவளுக்கு நான் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. கதவின் பிடியை ஒருமுறை இழுத்துப் பார்த்தாள். மகளைக் கடைக்காரம்மாவிடம் விட்டாள். இளநீர் வெட்டும் அரிவாளை எடுத்துத் திருப்பிப் பிடித்தபடி, மகனிடமிருந்து எட்டத்தில் இருந்த ஓட்டுநர் பக்கத்துக்குப் போனாள். கண்ணாடியின் நடுவில் இரண்டு அடி. ஒன்றும் ஆகவில்லை.

"மூலையில போடுங்க அம்மணி" என்றார் கடைக்காரம்மா.

மூன்றாவது அடியில் கண்ணாடி முழுதும் உப்புக்கல்லாக உதிர்ந்தது. உள்ளேயிருந்து வந்த சூடு என் முகத்தில் அறைந்தது. பேக்கரி அடுப்பின் கதவைத் திறந்தால் வருமே, அப்படி.

மகனின் உடம்பு கொதித்தது. நிழலில் கிடத்தி, சட்டையைக் கழற்றி, துணியை நனைத்துக் கழுத்திலும் அக்குளிலும் ஒற்றினோம். கடைக்காரம்மா முறத்தால் விசிறினார். கொஞ்ச நேரத்தில் அவன் உரக்க அழுதான். அந்தச் சத்தத்தைக் கேட்டதும் நான் மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

பொள்ளாச்சியில் ஒரு மருத்துவமனைக்குத் தூக்கிப் போனோம். பரிசோதித்த பெண் மருத்துவர் பயப்பட ஒன்றுமில்லை என்றார். "எவ்வளவு நேரம் உள்ள இருந்தானுங்க?" என்று கேட்டார்.

"அஞ்சு நிமிசம் இருக்குங்க" என்றேன். மனதார அப்படித்தான் நம்பினேன்.

"அந்தக் கடைக்கார அக்கா போன்ல பார்த்தேன். நீங்க பேசுனதே பதினோரு நிமிசம்" என்றாள் மனைவி.

மருத்துவர் எழுதுவதை நிறுத்தினார். "பெரியவங்களவிடக் கொழந்தைக்குச் சீக்கிரம் சூடு ஏறிப்போயிருமுங்க. இந்த வெயில்ல அரை மணி நேரம்னு நின்னிருந்தீங்கன்னா..." என்றார். அந்த வாக்கியத்தின் மிச்சத்தை நானே பலமுறை சொல்லிப் பார்த்திருக்கிறேன்.

அடுத்த வாரம் குடியிருப்பின் வாட்ஸப் குழுவில் எழுதினேன். விளையாட்டுக்குக்கூடக் குழந்தை கையில் சாவியைக் கொடுக்காதீர்கள். நாலடி தூரம்தானே என்று விட்டுவிட்டு இறங்காதீர்கள். போன் உங்கள் சட்டைப்பையில் இருக்கட்டும். கதவு பூட்டிக்கொண்டால், வெயில் இருந்தால், யாருக்கும் காத்திருக்காதீர்கள்; குழந்தைக்குத் தள்ளியிருக்கும் கண்ணாடியை, மூலையில் பார்த்து உடையுங்கள். "புது வண்டிங்க" என்று நான் சொன்னதையும் எழுதி, அழித்து, மறுபடி எழுதி அனுப்பினேன்.

சில மாதம் கழித்து ஒரு நாள் மனைவியிடம் கேட்டேன், அரிவாளை ஓங்கியபோது என்ன நினைத்தாய் என்று.

துணி மடித்துக்கொண்டிருந்தவள் நிமிரவில்லை. "நான் ஒண்ணும் நினைக்கலீங்க. நீங்க அங்க என்ன நினைச்சுட்டு நின்னீங்கன்னுதான் எனக்கு இன்னும் தெரியலை" என்றாள்.

 மடித்த துணிகளை வாங்கிப் போய் அலமாரியில் வைத்தேன்.