மதுராந்தகத்தில் கிடைக்காத கையெழுத்து

என் தகரப் பெட்டியில் ஒரு ரிப்பன் பட்டை கிடக்கிறது. மூன்று துண்டு வண்ணத் துணியை ஒரு தகட்டில் ஒட்டி, பின்னால் இரண்டு ஊசி வைத்தது. முதல் இரண்டு துண்டும் வெளுத்துவிட்டன. மூன்றாவது மட்டும் இன்னும் தெரிகிறது. வெள்ளைத் துணி, நடுவில் சிவப்புக் கோடு. சண்டையில் எதிரியின் கையால் காயம்பட்ட சிப்பாய் நெஞ்சில் அணிய வேண்டியது அது. எனக்குப் பட்ட காயங்களெல்லாம் உப்பளத்திலும் லாரியிலும் இறால் குட்டையிலும் பட்டவை. செங்கல்பட்டில் செக்யூரிட்டி உடுப்பு விற்கும் கடையிலிருந்து பெல்ட், விசில் கயிறு, தொப்பியோடு சேர்ந்து செட்டாக வந்தது இந்தப் பட்டை.

தொண்ணூறுகளின் கடைசியில் மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கடலோரத்து ஓட்டல் ஒன்றின் வாசலில் எனக்குக் காவல் வேலை கிடைத்தது. எட்டாவதோடு பள்ளியை விட்டவன் நான். ஒரு ஊரில் ஒரு வருடம் தங்கினால் அதிகம். ஏஜென்சி சூப்பர்வைசர் என் பெயரை எழுதிக்கொண்டு, "எக்ஸ் சர்வீஸா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "கீதுன்னே போட்டுக்கறேன். ஓட்டல்காரன் அத்ததான் கேப்பான்" என்று சொல்லிப் பேனாவால் ஒரு டிக் போட்டார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. நான் முன்னாள் ராணுவ வீரன் ஆகிவிட்டேன்.

அதே வாசலில் என்னோடு நின்றவர் ஹவில்தார். திருக்கழுக்குன்றத்துக்குப் பக்கத்துக் கிராமத்துக்காரர். ஐம்பதைத் தாண்டியவர், நிஜமாகவே பதினேழு வருடம் பட்டாளத்தில் இருந்தவர். இடது காலை இழுத்து நடப்பார். அவருக்கும் அந்த ரிப்பன் பட்டை கொடுத்தார்கள். அவர் அதைப் பிரிக்காமலே மேசை இழுப்பறையில் போட்டுவிட்டார். சூப்பர்வைசர் கேட்டபோது, "என் டிஸ்சார்ஜ் புக்குல ரெண்டு மெடல்தான் ஏறிகீது சார். மூணாவது ஏறட்டும், போட்டுக்கறேன்" என்றார். நான் ஒரு நாளும் கழற்றியதில்லை. வெள்ளைக்காரர்கள் கார் நிறுத்தி என்னோடு நின்று போட்டோ எடுத்துக்கொள்வார்கள். அந்தப் போட்டோக்களில் ஓரமாக, கேட்டைத் திறந்து பிடித்தபடி ஹவில்தார் நிற்பார்.

அந்த மூன்றாவது விஷயத்தை மத்தியான வெயிலில், வண்டி எதுவும் வராத நேரங்களில் எனக்குச் சொல்லியிருக்கிறார். எழுபத்தொன்றாம் வருடச் சண்டையில், கிழக்கே ஒரு வாய்க்கால் ஓரத்தில், குண்டு வெடித்துச் சிதறிய இரும்புத் துண்டு அவர் கெண்டைக்காலில் இறங்கியது. அவரோடு இருந்த செக்ஷன் கமாண்டர் தன் துண்டைக் கிழித்துக் கட்டி லாரியில் ஏற்றிவிட்டார். காயம்பட்டவர்களை ஏற்றிப்போன அந்த லாரி சேற்றில் வழுக்கிக் கவிழ்ந்தது. ஆஸ்பத்திரியில் எழுதிக்கொண்டவர், வந்த எல்லோருக்கும் சேர்த்து வண்டி விபத்து என்று எழுதிவிட்டார். அந்த வரிதான் அவருடைய டிஸ்சார்ஜ் புத்தகத்திலும் ஏறியது. இடது காலில் தழும்பு, வாகனத்திலிருந்து விழுந்தது.

அவர் அப்பாவும் தாத்தாவும் அடுத்தவர் வயலில் நாற்று நட்டவர்கள். குடும்பத்தில் பெயர் எழுதி முத்திரை குத்திய முதல் காகிதம் அந்தப் புத்தகம். ஊரில் யாரோ அதைப் படித்துவிட்டார்கள். அன்றிலிருந்து டீக்கடைக்காரர், "வாப்பா லாரி ஹவில்தார்" என்றுதான் கூப்பிடுவாராம். இதைச் சிரித்துக்கொண்டே சொல்வார். ஆனால் ரெக்கார்டு ஆபீசுக்கு மாதம் ஒரு மனு எழுதுவதை நிறுத்தவில்லை. அந்தப் பதக்கத்தால் பென்ஷன் அதிகமாகாது என்று நான் விசாரித்துத் தெரிந்துகொண்டு சொன்னேன். "டப்புக்கு யார் கேட்டா நைனா? நான் வுழல. அத்த எழுதச் சொல்றேன், அவ்ளோதான்" என்றார்.

வருடக்கணக்காக எழுதியதற்கு ஒரு நாள் பதில் வந்தது. சம்பவ இடத்தில் உடன் இருந்தவர் ஒருவரின் கையெழுத்திட்ட வாக்குமூலம் இருந்தால் பரிசீலிக்கலாம் என்று. செங்கல்பட்டில் நடந்த முன்னாள் வீரர் கூட்டமொன்றில் விசாரித்து, அந்தச் செக்ஷன் கமாண்டர் சுபேதாராக ரிட்டயர் ஆகி மதுராந்தகத்தில் இருப்பதைக் கண்டுபிடித்தார். கால் வீங்கியிருந்ததால் துணைக்கு என்னைக் கூப்பிட்டார். காலையில் டூட்டி முடிந்து உடுப்போடு அப்படியே கிளம்பினோம். வாசலிலேயே சொன்னார்: "அந்தக் கலர் துணிய கழட்டி வச்சிக்க நைனா. சுபேதார் சாப் பாத்தா நல்லா இருக்காது." கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டில் அவர் டீ வாங்கப் போயிருந்தார். நான் சிமெண்டுப் பலகையில் உட்கார்ந்திருந்தேன். ஒரு போலீஸ்காரர் லாத்தியால் பலகையைத் தட்டி, அங்கே படுத்திருந்தவர்களையும் உட்கார்ந்திருந்தவர்களையும் எழுப்பி விரட்டிக்கொண்டு வந்தார். எத்தனையோ பஸ் ஸ்டாண்டுகளில் என்னை அப்படி எழுப்பியிருக்கிறார்கள். கை தானாகப் பைக்குள் போயிற்று. பட்டையைக் குத்திக்கொண்டேன். போலீஸ்காரர் என் நெஞ்சைப் பார்த்தார், தலையை லேசாக ஆட்டிவிட்டுத் தாண்டிப் போனார். அதற்குள் பஸ் வந்துவிட, கூட்டத்தில் ஹவில்தார் முன் படியிலும் நான் பின் படியிலும் ஏறினோம். இறங்கும்போது கழற்றிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். மறந்துபோயிற்று என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். மறக்கவில்லை. மதுராந்தகத்தில் இறங்கிய பிறகும் அது நெஞ்சில் இருப்பது எனக்குத் தெரியும். ஹவில்தார் முன்னால் காலை இழுத்துக்கொண்டு, என்ன பேச வேண்டும் என்று வாய்க்குள் ஒத்திகை பார்த்தபடி நடந்தார். திரும்பிப் பார்க்கவில்லை.

சுபேதார் வீடு ஏரிக்கரைக்குப் பக்கம். அறுபது வயது தாண்டியும் முதுகு வளையாத மனிதர். பனியனும் லுங்கியுமாக வாசலுக்கு வந்தவர் ஹவில்தாரைப் பார்த்ததும் கத்தினார். "அடேய் பாதிரி! நீ இன்னும் சாவலியா?" ஹவில்தார் வேதக்காரர் என்பதால் பட்டாளத்தில் அவருக்கு அதுதான் பெயராம். விறைத்து நின்று சல்யூட் அடித்தார் ஹவில்தார். சுபேதார் அவரைக் கட்டிக்கொண்டு உள்ளே அழைத்துப் போனார். நான் வெளியே பம்படியில் முகம் கழுவிக்கொண்டிருந்தேன். உள்ளே நடந்த பேச்சு நன்றாகக் கேட்டது.

"கால காட்டு. இதான். எந்துண்டுதான்டா கட்னேன். புதுத் துண்டு, அந்த மாசந்தான் வூட்லேர்ந்து வந்துது. அத்த நீ இன்னும் திருப்பிக் குடுக்கல."

"குடுத்துடறேன் சாப்."

"போடா, ரத்தத்தோட எனுக்கு எதுக்கு? லாரிலேர்ந்து வுழுந்தான்னா எழுதிகீறான்? கொண்டா பேப்பர."

நாற்காலி இழுபடும் சத்தம். பேனா தேடும் சத்தம். அந்த நேரம் பார்த்து நான் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனேன்.

சுபேதார் என் முகத்தைப் பார்க்கவில்லை. நெஞ்சைப் பார்த்தார். "யாரு இது?"

"எங்கூட வேல பாக்கறான் சாப்" என்று திரும்பிய ஹவில்தாரும் அப்போதுதான் பட்டையைப் பார்த்தார்.

"எந்த யூனிட்?" கேள்வி என்னிடம். செக்யூரிட்டி கம்பெனி கொடுத்தது சார், நான் மிலிட்டரி இல்லை என்று சொல்லியிருக்கலாம். அத்தோடு முடிந்திருக்கும். யார் கேட்டாலும் சொல்லிப் பழகியதே வாயில் வந்தது. "ஆர்மி சார். எக்ஸ் சர்வீஸ்."

"வயசு இன்னா?"

"முப்பது."

"எழுவத்தொண்ணாம் வருஷச் சண்டக்கி ரிப்பன் குத்திகினுகீற. அப்ப உனுக்கு மூணு வயசு. தொட்டில்லேர்ந்தே சுட்டியா? நடுவுல செவப்பு வேற. குண்டு எங்க பட்டுது, பால் புட்டிலயா?"

சமையல்கட்டில் யாரோ சிரித்து, சட்டென்று நிறுத்தினார்கள். சுபேதார் பேனாவை மூடினார். "இதெல்லாம் கடையில விக்கறான் இல்ல? அப்ப பாதிரி, நீயும் அங்கயே ஒண்ணு வாங்கிக்க வேண்டியதுதானே. எங்கிட்ட இன்னாத்துக்கு வந்த?"

"செக்யூரிட்டி கம்பெனில குடுக்கறது சாப், உடுப்போட" என்றார் ஹவில்தார், மெதுவாக.

"உடுப்பு கம்பெனி குடுத்துது. ஆர்மின்னு வாய்ல வந்துதே, அதும் கம்பெனி குடுத்துதா? இவன சாட்சிக்கி கூட்டிகினு எவ்வளோ தூரம் வந்துகீற. நாளிக்கி இன்னும் எத்தினி பேருக்கு எங்கையெழுத்து கேப்பீங்க?"

ஹவில்தார் என்னைப் பார்த்தார். திட்டுகிற பார்வை இல்லை. நான் சொல்வதற்காகக் காத்திருந்தார். நான் என் பூட்ஸைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஹவில்தார் மேசையிலிருந்த காகிதத்தை எடுத்து, ஏற்கெனவே இருந்த மடிப்பிலேயே மடித்துப் பிளாஸ்டிக் கவருக்குள் வைத்தார். மறுபடியும் ஒரு சல்யூட். சுபேதார் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

திரும்பும் பஸ்ஸில், பாலாற்றுப் பாலம் வந்தபோது பட்டையைக் கழற்றி வெளியே எறியப் போனேன். என் கையைப் பிடித்தார். "எறியாத. செட்டுல ஒண்ணு கொறஞ்சா உன் சம்பளத்துல புடிப்பான்" என்றார். மறுநாள் வாசலில், "நாஸ்தா துன்னியா?" என்று எப்போதும்போலக் கேட்டார். அவர் என்னை ஒரு அறை அறைந்திருந்தால், அன்றே தனியாக மதுராந்தகத்துக்குப் போய் உண்மையைச் சொல்லியிருப்பேனோ என்னவோ. இப்படி நினைப்பதும் பழியை அவர்மேல் தள்ளுகிற வேலைதான்.

போக வேண்டும் என்று நினைத்துக்கொண்டேதான் இருந்தேன். லீவு நாட்கள் வந்தன, போயின. ஒரு நாள் துணிந்து செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டு வரை வந்துவிட்டேன். மதுராந்தகம் பஸ் கிளம்பத் தயாராக உறுமிக்கொண்டிருந்தது. பக்கத்தில் திருப்பதி பஸ் நின்றது. நான் திருப்பதி பஸ்ஸில் ஏறினேன். ஓட்டலில் சொல்லிக்கொள்ளவில்லை, ஹவில்தாரிடமும் சொல்லவில்லை. பிறகு நெல்லூர்ப் பக்கம் இறால் குட்டைகள், கல் லாரிகள், ஒரு மாம்பழத் தோப்பில் காவல் என்று ஆறேழு வருடம் போயிற்று. சாப்பாடு இருந்த நாளும் உண்டு, இல்லாத நாளும் உண்டு. எங்கே போனாலும் தகரப் பெட்டியும் கூடவே வந்தது.

சுனாமிக்கு மறுவருடம் திரும்பி வந்தேன். ஓட்டலின் கடற்பக்கச் சுவரைப் புதிதாகக் கட்டியிருந்தார்கள். வாசலில் நின்றவர்கள் எல்லாம் புதியவர்கள். ஹவில்தார் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவியை அண்ணி என்றுதான் கூப்பிடுவேன். சுவரில் மாலை போட்ட போட்டோவைப் பார்த்தபடி நான் நின்றதும், அண்ணி முந்தானையால் ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். "போன மழைல போயிட்டாருப்பா. நெஞ்சு வலி" என்றார்.

அண்ணி சொன்னது இது. கல்லறைத் தோட்டத்தில் முன்னாள் வீரர் சங்கத்து ஆட்கள் வந்து மரியாதை செய்தார்கள். அவருடைய சர்வீஸ் விவரத்தைப் புத்தகத்திலிருந்து ஒருவர் மைக்கில் படித்தார். சேர்ந்த நாள், போன இடங்கள், இரண்டு பதக்கங்கள். படிக்கிறவருக்கு எங்கே நிறுத்துவது என்று தெரியவில்லை. "லாரிலேர்ந்து வுழுந்தாருன்னு மைக்ல சொல்லிட்டாங்கப்பா. பொட்டிய எறக்கறதுக்கு முன்னாடி. ஊரே நின்னுகினு இருந்திச்சி."

பிளாஸ்டிக் கவரை எடுத்து வந்தார். அந்த மனு, ரெக்கார்டு ஆபீஸ் பதில், பழைய மடிப்பு மாறாத வாக்குமூலக் காகிதம், கீழே கையெழுத்துக்கு விட்ட இடம். "அந்த ஒரு கையெழுத்துதான் பாக்கின்னுவாரு. திரும்பப் போயி கேக்கறதுதானேன்னு நான் சண்ட போடுவேன். சாப் கோவமா கீறாரு, அவரே கூப்டட்டும்னு சொல்லிடுவாரு" என்றார். பிறகு, "நீயும் மிலிட்டரிதானே தம்பி. நீ ஒரு கையெழுத்து போட்டா ஒத்துப்பாங்களா?" என்று கேட்டார்.

"நான் மிலிட்டரி இல்ல அண்ணி."

என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அவருக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"அப்ப சரி" என்று காகிதங்களைத் திரும்பக் கவருக்குள் வைத்தார். மதுராந்தகத்தில் நடந்ததை முழுவதும் சொன்னேன். கேட்டு முடித்து எழுந்து உள்ளே போனவர் வெகுநேரம் வெளியே வரவில்லை. நான் சொல்லிக்கொள்ளாமல் எழுந்து வந்தேன். சொல்லிக்கொள்ளாமல் போவது எனக்குப் புதிதல்ல.

இந்த முறை மதுராந்தகம் பஸ்ஸில்தான் ஏறினேன். சுபேதார் இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. கதவைத் திறந்த மகன், ஹவில்தாரோடு முன்பு வந்ததை நான் சொல்லத் தொடங்கியதுமே கையை நீட்டி நிறுத்தினார். "ரிப்பன் குத்திகினு வந்த ஆளு நீதானா? தொட்டில்லேர்ந்து சுட்டவன்னு அப்பா சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரு." பிறகு குரலை இறக்கினார். "பாதிரி ஏன்டா திரும்ப வரல, அவன் கால்ல நாந்தானே கட்டு கட்னேன், வந்தா கையெழுத்து போட்டுக் குடுத்துடலாம்னு கடசி வரைக்கும் கேட்டுகினே கெடந்தாரு. அட்ரஸ் தெரியாது எங்களுக்கு. உனுக்குத் தெரியும் இல்ல?"

தெரியும் என்றேன்.

இப்போது கடலோரச் சாலையில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் வாசலில் நிற்கிறேன். அதே ஏஜென்சிதான், சூப்பர்வைசர் மட்டும் வேறு ஆள். சேர்ந்த வாரமே ஆபீசுக்குப் போய், என் பெயருக்கு எதிரே எக்ஸ் சர்வீஸ் என்று இருப்பதை அடித்துவிடச் சொன்னேன். அவர் முதலில் புரியாமல் பார்த்தார், பிறகு சிரித்தார். "ஏன்யா, இல்லாதத சேக்கச் சொல்லித்தான் எல்லாரும் வருவான். நீ இருக்கறத வெட்டச் சொல்ற. அதெல்லாம் கம்ப்யூட்டர்ல ஏறிடுச்சி. மாத்தணும்னா லெட்டர் குடு, ஹெட் ஆபீஸ் போயி வரணும்" என்றார். லெட்டர் கொடுத்தேன். இதுவரை மூன்று கொடுத்திருக்கிறேன். பதில் இல்லை.

புது உடுப்போடு புதுப் பட்டையும் வந்தது. குத்தியே வந்ததைக் கழற்றி, உடுப்பு கொண்டுவந்த கடைப் பையனிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன். பழையது பெட்டியில் இருக்கிறது. ரவுண்டு வரும்போதெல்லாம் சூப்பர்வைசர் என் சட்டைப் பைக்கு மேலே விரலால் தட்டி, "எங்கய்யா?" என்று கேட்பார். தொலைந்துவிட்டது என்பேன். அவர் விரல் பட்ட இடத்தில் இரண்டு ஊசித் துளைகள் இருக்கின்றன. எத்தனை முறை துவைத்தும் அவை மூடவில்லை.